பிரஷ் கழுவுகிறவள்

கடிகாரக்காரருக்கு நிறம் தெரியாது. பார்வையில் ஒரு குறையும் இல்லை. எறும்புக் கால் தடிமனில் இருக்கும் திருகாணியை இடுக்கியால் பிடித்துக் கைக்கடிகாரத்துக்குள் உட்கார வைத்துவிடுவார். ஆனால் சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அவருக்கு ஒரே சேறு. இளஞ்சிவப்பும் சாம்பலும் ஒரே மூட்டம். பிறவியிலேயே அப்படி. இது தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர், அவரும் அவர் மனைவியும்.

மனைவிக்குத் தெரியவந்த கதை வேடிக்கையானது. கல்யாணமான புதிதில் ஒருநாள் புதுச் சட்டையோடு வந்து கண்ணாடி முன்னால் நின்று, "சாம்பல் கலர் எனக்கு எடுப்பா இருக்குல்ல?" என்று கேட்டார். சட்டை நல்ல ரோஸ். கைக்குழந்தைக்குச் சட்டை தைப்பார்களே, அந்த ரோஸ். அவள் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சின்ன வயதில் மரத்துக்குச் சிவப்பு இலை வரைந்து வாத்தியாரிடம் கன்னம் வீங்க வாங்கியதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினார். "வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றார். அவள் விடவில்லை. அன்று முதல் அவருடைய சட்டை, காலுறை, சுவர், திரைச்சீலை எல்லாவற்றுக்கும் இவள்தான் கண்.

கண் என்றால் லேசுப்பட்ட கண் இல்லை. கார் பட்டறையில் வண்ணம் கலப்பது அவள் வேலை. எங்கோ இடித்து நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்திவிடலாம். ஆனால் வெயிலில் நின்று வெளுத்த பழைய நிறத்தோடு புது நிறம் சேர வேண்டும், ஒட்டுப் போட்ட இடம் தெரியக் கூடாது. அதற்குத்தான் அவள். ஒரு வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று கேட்டால் சாயங்காலம் வரைக்கும் சொல்லுவாள்.

கடிகாரக்காரருக்கு ஒரு பைத்தியம் உண்டு, போர் விமானம். நிஜத்தில் ஏறியதில்லை. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டி, நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் கட்டுவார். நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்தக் கட்டுமானத்தில் அவரை அடிக்க ஆள் இல்லை. இரண்டு பாதி உடம்பு சேரும் கோடு எங்கே என்று விளக்குப் போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கட்டி முடித்ததும் அவள் வண்ணம் கலந்து, மூடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதிக் கொடுப்பாள். அவர் எண்ணைப் பார்த்து ஸ்ப்ரே செய்வார். நுணுக்கமான இடங்களை அவளே பிரஷ்ஷால் தீட்டுவாள். வருடா வருடம் மாதிரி விமானச் சங்கத்தின் போட்டியில் முதல் பரிசு இவர்கள் வீட்டுக்குத்தான். விமானத்தின் பக்கத்தில் வைக்கும் அட்டையில் எப்போதும் ஒரே வரி: கட்டியதும் தீட்டியதும் கடிகாரக்காரர்.

அந்தச் சங்கத்துக்கு இரண்டு வீம்புகள் இருந்தன. ஒன்று, விமானத்தைத் துணி மூடித்தான் கொண்டுவர வேண்டும். மேடையில் துணியை எடுக்கும்வரை இன்னொரு உறுப்பினர் கண்ணில் படக் கூடாது. இரண்டாவது, பரிசு வாங்கியவர் தன் விமானத்தின் முக்கிய நிறத்தை அங்கேயே எல்லோர் முன்னாலும் கலந்து காட்ட வேண்டும். பெயர் ஒட்டாத குப்பிகள்தான் தருவார்கள், கண்ணால் பார்த்து எடுக்க வேண்டும். யாரோ ஒருவன் எப்போதோ கடையில் கலந்த வண்ணத்தை வாங்கி அடித்துவிட்டுப் பரிசை அள்ளிக்கொண்டு போனதால் தலைவர் போட்ட விதி.

இதற்கும் புருஷனும் பெண்டாட்டியும் வழி வைத்திருந்தார்கள். பரிசு அறிவித்ததும் அவர், "இந்தா, அந்தக் குப்பியெல்லாம் எடுத்து வை" என்பார். அவள் தண்ணீர்க் கிண்ணமும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய்க் குப்பிகளை வரிசையாக அடுக்குவாள். இடமிருந்து முதலாவது ஐந்து சொட்டு, மூன்றாவது ஒரு சொட்டு என்று வீட்டிலேயே ஒப்பித்துவிட்டு வந்திருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர்கள் ஊர் பார்க்க மேடையிலேயே மறைத்தார்கள்.

நுணலும் தன் வாயால் கெடும். கடிகாரக்காரர் கெட்டது போன வருடப் போட்டியில்.

பரிசு வாங்கியாயிற்று. எல்லோரும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், விமானத்தை நோக்கிக் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு அவளிடம் வந்தார். "அக்கா, பெயின்டிங் பிரமாதமா இருக்கு. நீங்களும் கை வச்சீங்களோ?" என்றார். இத்தனை வருடத்தில் அவளைப் பார்த்து அப்படிக் கேட்ட முதல் ஆள். அவள் முகம் மலர்ந்தது. ரகசியத்தை உடைக்கும் எண்ணமெல்லாம் இல்லை. 'ஆமா, கொஞ்சம்' என்று மட்டும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அதற்குள் கடிகாரக்காரர் குறுக்கே விழுந்தார். "இவளா? இவ பிரஷ் கழுவுறவ! கலரைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவருக்குப் புரையேறியது. அவளும் சிரித்தாள். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை, தானும் சேர்ந்து சிரித்தது.

திரும்பி வரும்போது காரில் அவர், "எங்க உளறிடுவியோன்னு பயந்துட்டேன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "என்ன மூஞ்சிய தூக்கி வச்சிருக்க? தமாஷுக்குச் சொன்னதுதானே" என்றார். மன்னிப்பு மாதிரி ஒன்றுகூட வரவில்லை. அவள் வீட்டுக்கு வந்து பிரஷ்களைக் கழுவினாள். கழுவிக்கொண்டே முடிவு செய்தாள். சாது மிரண்டால் காடு கொள்ளாது. இங்கே வீடு சின்னது.

அவசரப்படவில்லை. அடுத்த போட்டி வரும்வரை ஒரு குறையும் வைக்காமல் குடும்பம் நடத்தினாள். காலையில் சட்டை எடுத்துக் கொடுத்தாள். நிறம் பொருந்தாத காலுறையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போக விட்டுவிடலாம், மனசு வந்தால் செய்திருக்கலாம். ஆனால் சில்லறைப் பழி அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் அவளைச் சபையில் சிரிக்க வைத்தார். அவரையும் சபையில்தான் சிரிக்க வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த வருடம் அவர் எடுத்தது இரட்டை வால், ஒற்றை இருக்கை, கத்தி மாதிரி மூக்கு உள்ள ஜெட். மேலே அடர் சாம்பல், அடியில் வெளிர் சாம்பல். பெட்டியைத் திறந்த நாளிலிருந்து மனிதர் தரையில் இல்லை. கடையை மூடிவிட்டு வந்தால் நேராக அறைதான். விமானியின் இருக்கைக்குச் செப்புக் கம்பியில் பட்டை செய்தார். சக்கரத்துக்குப் பின்னால் ஓடும் எண்ணெய்க் குழாயைக்கூட விடவில்லை. உடம்பை மூடி ஒட்டுவதற்கு முன்னால் மூக்குக்குள் மீன் தூண்டில் ஈயக் குண்டுகளை வைத்து அடைத்தார். அது இல்லாவிட்டால் இந்த மாதிரி விமானங்கள் வாலில் உட்கார்ந்துவிடும், மூக்கு வானத்தைப் பார்க்கும். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு. கடிகாரக்காரர் செய்ததே இல்லை. ஈயக் குண்டை நினைவில் வைத்திருந்தவருக்கு, பக்கத்து அறையில் இருக்கிறவளிடம் தான் சொன்னது மட்டும் நினைவில் இல்லை.

அவள் பட்டறையில் மதிய ஓய்வில் கலந்தாள். ரோஸ் என்றால் எந்த ரோஸும் ஆகாது. அவர் கண்ணுக்கு நிறம்தான் போகுமே தவிர வெளிச்சம் போகாது. சாம்பல் எவ்வளவு வெளுப்போ ரோஸும் அவ்வளவே வெளுப்பாக இருக்க வேண்டும். ஒரு அட்டையில் உண்மையான சாம்பலைப் பூசி, பக்கத்தில் தன் ரோஸைப் பூசி, போனில் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துப் பார்த்தாள். படத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை சொட்டுச் சொட்டாகத் திருத்தினாள். பிறகு துளி நீலம். பட்டறை முதலாளி எட்டிப் பார்த்து, "யார் வண்டிக்கும்மா இந்தக் கலர்?" என்றார். "எங்க வீட்டு வண்டிக்கு" என்றாள்.

அன்று வீட்டில் டீயோடு அந்த அட்டையையும் நீட்டினாள். "இதுல எது நல்லாருக்குங்க? இடதா, வலதா?"

அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.

"ஆமா, ஒண்ணுதான்" என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டாள். மறுநாள் இரண்டு குப்பிகள் மேசையில் இருந்தன. ஒன்று என்று எழுதியதில் பழுத்த ரோஸ், இரண்டில் வெளிர் ரோஸ்.

அவர் ஸ்ப்ரே செய்த நேரமெல்லாம் அவள் சமையலறையில் நின்று அந்தக் காற்று இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை அது நின்று மறுபடி இரையும்போதும் அவள் நெஞ்சில் ஒரு சுகம் பரவியது. மறைக்க வேண்டியதில்லை, சுகம்தான். மெல்லிய பூச்சு, காய விட்டு இன்னொரு பூச்சு, அதன் மேல் இன்னொன்று. அவ்வளவு சிரத்தையாக ஒரு மனிதர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கடிகாரக்காரரின் அக்கா; வந்தால் ஒரு வாரம் இருப்பாள், வீட்டில் எந்த டப்பாவைத் திறந்தாலும் அவள் கை அதற்கு முன்பே உள்ளே போயிருக்கும். தம்பி கடையில் இருந்த நேரம் அறைக்குள் நுழைந்துவிட்டாள். வெளியே வரும்போது வாயில் முந்தானை.

"ஏம்மா, என் தம்பிக்குக் கழண்டுபோச்சா? ப்ளேனுக்குப் போய் ரோஸ் அடிச்சு வச்சிருக்கான்?"

இந்த வாய் தம்பியிடம் இதைக் கேட்டால் எல்லாம் பாழ். "அது அடிக்கோட்டு, அண்ணி" என்றாள். "பட்டறையில காருக்கு முதல்ல ஒண்ணு அடிப்போம்ல, அது மாதிரி. மேல சாம்பல் வரும்."

"அதானே பார்த்தேன். சின்ன வயசுலயே மரத்துக்குச் சிவப்பு அடிச்சவனாச்சேன்னு நினைச்சேன்."

"அவர்கிட்ட கேட்டுடாதீங்க அண்ணி. போட்டிக்கு முன்னாடி யாராவது பார்த்துட்டாலே அவருக்கு ஆகாது. அப்புறம் என் தலைதான் உருளும்."

நாத்தனார் கேட்கவில்லை. அது அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இருக்கும். ஊருக்குக் கிளம்பும்வரை அறைச் சாவி இவள் இடுப்பிலேயே இருந்தது.

ஒரே ஒரு தடவை அவள் மனம் தளர்ந்தது. விமானப்படைச் சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப் படங்களைத் தண்ணீரில் ஊறவைத்து, நழுவ விட்டு இறக்கையில் ஒட்டி முடித்திருந்தார். விமானத்தை உள்ளங்கையில் ஏந்தி ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெயிலில் அது கன்னம் சிவந்த பெண் மாதிரி இருந்தது. அவர் முகத்திலோ அப்படி ஒரு பெருமை. "பாரு, மழை மேகம் மாதிரி என்ன சாம்பல்! இந்தத் தடவை அச்சு அசல்" என்றார்.

அவளுக்குச் சட்டென்று பாவமாகிவிட்டது. சொல்லிவிடலாம், இன்னும் நாள் இருக்கிறது, கரைத்துத் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். ஒரு வழி வைத்துப் பார்ப்போம் என்று, "அட்டையில இந்த வருஷம் என் பேரையும் போடுங்களேன். வண்ணம் நான்னு" என்றாள்.

அவர் விமானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் பேரா? சிரிப்பாங்க. கலக்குறது பெரிய வித்தையா? அடிக்கிற கை என் கை."

பாவம் வந்த வழியே போய்விட்டது. "சரிங்க" என்று சொல்லிப் பிரஷ்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

போட்டி நடந்தது நூலகத்து மாடியில். நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவள் வழக்கமான இடத்தில், முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவராக வெளியூரிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நிஜ விமானங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், தடித்த கண்ணாடி, குறைந்த பேச்சு. ஒவ்வொருவராகத் துணியை எடுத்தார்கள். சாம்பல், சாம்பல், ஒரு பச்சை, மறுபடி சாம்பல். நடுவர் கொட்டாவியை மென்று விழுங்கினார்.

கடிகாரக்காரரின் முறை வந்தது. சாம்பல் நிறச் சட்டையில், அவள் எடுத்துக் கொடுத்ததுதான், கம்பீரமாக நின்று துணியின் இரண்டு நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கினார்.

வெள்ளை மேசை விரிப்பின் மேல் ரோஸ் ஜெட். குண்டும் ஏவுகணையும் மாட்டிக்கொண்டு, தலையிலிருந்து வால் வரை ரோஸ்.

பின்வரிசையில் ஒருவர் களுக்கென்றார். அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வருகிறது, இதோ வருகிறது, ஒரு வருடமாகக் காத்திருந்த சிரிப்பு.

நடுவர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்தார். "பாலைவன ரோஸ்!" என்றார்.

களுக் நின்றுவிட்டது.

"மணல் காட்டுல பொழுது விடியிறப்பவும் சாயிறப்பவும் மணலும் வானமும் இந்த நிறத்துக்கு வரும். அதுக்காகவே ப்ளேனுக்கு ரோஸ் அடிச்சுப் பறந்தாங்க. என் கையால நான் தொட்டுத் துடைச்சிருக்கேன். எல்லாரும் சாம்பலையே கட்டிக்கிட்டு அழறீங்க. இதை அடிக்க ஒரு தைரியம் வேணும். அதுவும் ரெண்டு ரோஸ், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. என்ன கலப்பு இது!"

அரங்கம் கைதட்டியது. தலைவர் ஓடிவந்து கடிகாரக்காரரைக் கட்டிப்பிடித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். அவள் குரங்கு பிடிக்கப் போய் அது பிள்ளையாராக உட்கார்ந்துவிட்டது.

கடிகாரக்காரருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ரோஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் விமானத்தைப் பார்த்தார், அவருக்கு அது சாம்பல்தான். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியது: குப்பிகள், அட்டை, சமையலறையில் அவள் நின்ற நிலை. முகம் ஒரு நொடி செத்துப் போயிற்று. ஆனால் ஆள் கெட்டிக்காரர். ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நாள் யோசிச்சேன். எல்லாரும் போற வழியில போகக் கூடாதுன்னு ஒரு எண்ணம்" என்றார். சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார். உன்னால் முடிந்தது இவ்வளவுதானா என்கிற சிரிப்பு.

கோப்பையைக் கொடுத்தார்கள். தலைவர், "வழக்கம்போல நிறத்தைக் கலந்து காட்டிடுங்க" என்று மேசையைக் காட்டினார். பெயர் இல்லாத குப்பிகள், வெள்ளைத் தட்டு, பிரஷ், ஒரு அட்டை.

கடிகாரக்காரர் கோப்பையை வைத்துவிட்டுப் பழகிய குரலில் கூப்பிட்டார். "இந்தா, அந்தக் குப்பியெல்லாம் எடுத்து வை."

அவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ரொம்பப் பணிவாகச் சொன்னாள். "நான் பிரஷ் கழுவுறவங்க. கலரைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்?"

சிலருக்குப் போன வருடம் ஞாபகம் வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்தாரே, அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தமாஷ் பண்ணாதே. வா" என்றார் கடிகாரக்காரர். குரல் இறங்கியிருந்தது. கண்ணில் கெஞ்சல் வந்துவிட்டது. தயவுசெய்து என்று ஒரு சொல் வந்திருந்தால் அவள் போயிருப்பாளா? போயிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன், அவ்வளவு வருடப் பழக்கம். அந்தச் சொல் வரவில்லை.

அவர் தனியாகத் திரும்பினார். வெள்ளை தெரிந்தது, எடுத்துத் தாராளமாக ஊற்றினார். ரோஸுக்குச் சிவப்பு வேண்டும் என்பதும் தெரியும். கறுப்பை, நீலத்தை, மஞ்சளை ஒதுக்கிவிட்டார். மீதி இரண்டு குப்பி. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அவருக்கு இரண்டும் சேறு. கை முதலில் சிவப்பின் மேல் போயிற்று. அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்து அடுத்ததை எடுத்தது.

ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. பிரஷ்ஷால் குழப்பினார். பல் விளக்கும் பசை மாதிரி வெளிர்ப் பச்சை. அதை அட்டையில் பூசி, விமானத்தின் இறக்கைக்குப் பக்கத்தில் பிடித்து, சபையைப் பார்த்து, "இதோ" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நடுவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், ரெண்டையும் நல்லாப் பாருங்க" என்றார்.

கடிகாரக்காரர் பார்த்தார். அட்டையைப் பார்த்தார், இறக்கையைப் பார்த்தார், கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோருடைய தலையும் மெல்ல முன்வரிசை ஓரத்துக்குத் திரும்பியது. அந்தத் திரும்பலில் கடிகாரக்காரருக்கும் விஷயம் புரிந்துவிட்டது; கையிலிருந்த அட்டையைக் கீழே இறக்கினார். இத்தனை வருடம் மூடி வைத்ததை அவள் உடைக்கவில்லை. அவரே உடைத்துக்கொண்டார்.

அவள் எழுந்து மேடைக்குப் போனாள். அவசரமில்லாமல் பச்சையை வழித்துப் போட்டாள், பிரஷ்ஷைக் கழுவினாள். வெள்ளை, ஒரு சொட்டுச் சிவப்பு, பிரஷ் நுனியில் தொட்ட நீலம். அட்டையில் ஒரு இழுப்பு இழுத்து நடுவரிடம் நீட்டினாள். அவர் இறக்கையோடு ஒட்டிப் பிடித்தார். எது அட்டை, எது இறக்கை என்று தெரியவில்லை.

தலைவர் பெயர் அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தார். இத்தனை வருடத்தில் முதல் முறையாகக் குரலில் மரியாதை. "இதுல என்னம்மா எழுதணும்?"

"அவரையே எழுதச் சொல்லுங்க."

கடிகாரக்காரர் பேனாவை வாங்கினார். 'தீட்டியதும்' என்பதை அடித்தார். கீழே, 'வண்ணம்: என் மனைவி' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"மனைவின்னு இல்லங்க" என்றாள். "பேரு."

அவர் எழுதினார். திருகாணியை மூச்சு விடாமல் உட்கார வைக்கிற கை அது. அன்றைக்கு எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. கைதட்டல் வந்தது. சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டு வந்தது சிரிப்பைத்தான். கிடைத்தது அதைவிடப் பெரிது. பொய் சொல்வானேன், அவளுக்குத் தித்திப்பாகத்தான் இருந்தது.

திரும்பும்போது கோப்பை பின் இருக்கையில் கிடந்தது. விமானம் அவள் மடியில்.

"எப்படி உனக்கு மனசு வந்துச்சு, ரோஸ் அடிக்க?" என்றார் பாதி வழியில்.

"நான் எங்கங்க அடிச்சேன்? அடிச்ச கை உங்க கை. நான் கலக்கினேன், அவ்வளவுதான். அது பெரிய வித்தையா?"

சிவப்பு விளக்கில் நிறுத்தினார். மேல் விளக்கா கீழ் விளக்கா என்று இடம் பார்த்துத்தான் அவர் எப்போதும் ஓட்டுவார். நின்றபடியே தன் மார்பைக் குனிந்து பார்த்தார்.

"நான் இன்னைக்குப் போட்டிருக்கிற சட்டை என்ன கலர்?"

"சாம்பல்."

உண்மையிலேயே அது சாம்பல்தான். காலையில் அவள் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்த நல்ல சாம்பல். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். விளக்கு மாறி, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினார். டேங்க் நிறைந்துதான் இருந்தது. கண்ணாடியை இறக்கி, குழாயோடு வந்த ஆளைக் கிட்டே கூப்பிட்டார்.

"இந்தச் சட்டை என்ன கலர்ப்பா?"

அந்த ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "சாம்பல் சார்."

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"சாம்பல்தான் சார்" என்றான் அவன், மடியில் ரோஸ் விமானத்தோடு உட்கார்ந்திருந்தவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நாளைக்குக் காலையில் அவள் இன்னொரு சட்டை எடுத்துக் கொடுப்பாள், சரியான நிறத்தில்தான் கொடுப்பாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நின்று யாரையாவது கேட்பார்.